நின்று நின்று ஓடும் வண்டி



இன்றைய பேச்சு பழைய காரைப் பற்றியது. அதில் வரும் ஒரு வகைக் கோளாறைப் பற்றியது.

ஒரு வண்டி ஒரேயடியாக நின்று போனால் கவலை குறைவு. கெட்டது கெட்டபடியே இருக்கும். தேடினால் கிடைத்துவிடும். ஆனால் சில வண்டிகள் அப்படி இல்லை. ஓடும், திடீரென்று நிற்கும், சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஓடும். பட்டறைக்குக் கொண்டு போனால் ஒழுங்காக ஓடிக் காட்டும். "ஒன்றும் இல்லையே!" என்று மெக்கானிக் சொல்லுவார். வெளியே வந்து இரண்டு தெரு தாண்டினால் மறுபடியும் நிற்கும்.

விட்டு விட்டு வரும் காய்ச்சலை முறைக் காய்ச்சல் என்பார்கள். இதுவும் வண்டிக்கு வரும் முறைக் காய்ச்சல்தான். காய்ச்சல்காரரிடம் மருத்துவர் முதலில் என்ன கேட்பார்? "எப்போது வருகிறது? எத்தனை மணிக்கு விடுகிறது?" என்று கேட்பார். வண்டிக்கும் அதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

இந்தியாவின் பழைய கார்கள்

நம் நாட்டில் பல ஆண்டுகள் இரண்டு கார்களே சாலையை ஆண்டன. ஒன்று அம்பாசிடர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்யப்பட்டது. 2014 மே மாதத்தில் அந்த ஆலையில் வேலை நின்றது.

மற்றொன்று பத்மினி. பியட் என்றும் மக்கள் சொல்லுவார்கள். மும்பையில் குர்லா பகுதியில் செய்யப்பட்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றாலே இந்தக் கார்தான் நினைவுக்கு வரும். டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினி 2023 அக்டோபர் மாதக் கடைசியில் ஓய்வு பெற்றது. ஆனாலும் இந்தக் கார்களைச் சொந்தமாக வைத்துப் பேணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பத்மினியின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக். பிளக்கில் தீப்பொறி விழுந்தால்தான் பெட்ரோல் எரியும், எஞ்சின் சுற்றும். எஞ்சின் ஒரு நிமிடத்தில் 3,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு நொடியிலும் 100 தீப்பொறிகள் வேண்டும். மின்சாரம் அரை நொடி வராவிட்டாலும் 50 பொறிகள் போய்விடும். வண்டி குலுங்கும். இன்னும் கொஞ்ச நேரம் வராவிட்டால் வண்டி நின்றுவிடும்.

மின்சாரம் போகும் வழி

வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது? கிணற்றிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து மடைக்கு, மடையிலிருந்து பாத்திக்கு. நடுவில் எங்கே உடைந்தாலும் பாத்தி காயும். காரில் மின்சாரம் போகும் வழியும் அப்படித்தான்.

பேட்டரிதான் கிணறு. அதில் 12 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அங்கிருந்து ஒயர் வழியாகச் சாவி போடும் சுவிட்சுக்கு வருகிறது. சாவியைத் திருப்பினால் அங்கிருந்து காயிலுக்குப் போகிறது. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற சின்னக் கதவு இருக்கிறது. எஞ்சின் சுற்றச் சுற்ற அந்தக் கதவு மூடும், திறக்கும். அது திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

கதவு மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும். கதவு பட்டென்று திறந்ததும் ஓட்டம் அறுபடும். அந்த நொடியில் காயில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தைத் தரும். அது தடித்த ஒயர் வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறியாக விழும். பாயிண்ட் கருகாமல் காக்க, பக்கத்தில் கண்டென்சர் என்ற சிறிய குப்பி இருக்கும்.

போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரவும் வேண்டும். காரில் அதற்குத் தனி ஒயர் இல்லை. காரின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. இதை எர்த் என்பார்கள். பலர் போகும் வழியை மட்டும் பார்ப்பார்கள். திரும்பும் வழியை மறந்துவிடுவார்கள். விட்டு விட்டு வரும் கோளாறு அங்கேயும் ஒளிந்திருக்கும்.

மும்பை ஓட்டுநரின் நோட்டு

இதை ஓர் எடுத்துக்காட்டுக் கதையால் பார்ப்போம்.

பத்மினி டாக்சிகள் மும்பையில் நிறைய ஓடிய காலம். ஓர் ஓட்டுநர் இருந்தார். ஊர் உத்தரப் பிரதேசம். வண்டி அவருடையது அல்ல. நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாலையில் உரிமையாளருக்கு வாடகை கொடுக்க வேண்டும். மிஞ்சியதுதான் அவருக்கு. ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மணியார்டரை எதிர்பார்த்து இருந்தார்கள்.

ஒரு நாள் பகலில் வண்டி நடுச்சாலையில் நின்றது. பெட்ரோல் காட்டும் முள் கீழே விழுந்து கிடந்தது. "பெட்ரோல் தீர்ந்துவிட்டது" என்று ஓட்டுநர் நினைத்தார். டாங்கியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் இருந்தது. நான்கு பேர் தள்ளி வண்டியை ஓரம் கட்டினார்கள். மறுபடி சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது!

பட்டறைக்குப் போனார். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாம் நாள் வண்டி நின்றது. வெயில் நேரம் என்பதால், சூட்டில் காயில் மக்கர் செய்கிறது என்றார்கள். காயிலையும் மாற்றினார்கள். மறு வாரமும் நின்றது. புதுப் பிளக் போட்டார்கள். அப்போதும் நின்றது. கையில் இருந்த பணம் கரைந்தது. அந்த மாதம் ஊருக்கு மணியார்டர் போகவில்லை.

ஒரு நாள் ஒரு கர்ப்பிணிப் பெண் வண்டியில் ஏறினார். பிரசவ வலி. கூட அவருடைய தாய். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் வண்டி நின்றது. வேறு டாக்சி பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பினார். வாடகையும் வாங்கவில்லை. அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனார். அங்கே எல்லோரும் அவரை உஸ்தாத் என்று அழைப்பார்கள். ஆசான் என்று பொருள். உஸ்தாத் பானட்டைத் திறக்கவே இல்லை.

"பேட்டா, உனக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். பேட்டா என்றால் மகனே என்று பொருள்.

"இரவுப் பள்ளியில் கற்றேன், உஸ்தாத். மெதுவாக எழுதுவேன்."

"மெதுவாக எழுதினால் போதும். ஒரு வாரம் வண்டியை ஓட்டு. நிற்கும்போதெல்லாம் எழுது. நாள், மணி, வெயிலா மழையா, நிற்பதற்கு முன் வண்டி என்ன செய்தது, நின்றபோது முன்பலகையில் என்ன தெரிந்தது, எப்படி மறுபடி கிளம்பியது. இவ்வளவையும் எழுதி என்னிடம் வந்து படித்துக் காட்டு."

ஒரு வாரம் கழித்து ஓட்டுநர் படித்துக் காட்டினார்.

திங்கள். பகல் 1 மணி. கடும் வெயில். சாலைப் பள்ளத்தில் இறங்கியது. பட்டென்று நின்றது. முள் கீழே. சிவப்பு விளக்கு எரியவில்லை. தள்ளினோம். கிளம்பியது.

புதன். இரவு 8 மணி. வெயில் இல்லை. வேகத்தடையில் ஏறியது. நின்றது. முள் கீழே. சிவப்பு விளக்கு எரியவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். கிளம்பியது.

சனி. காலை 6 மணி. மழை. குண்டும் குழியுமான தெரு. நின்றது. முள் கீழே. சிவப்பு விளக்கு இல்லை. சாவியை ஆட்டினேன். கிளம்பியது.

உஸ்தாத் சிரித்தார். "கோளாறை நீயே எழுதிக் கொண்டு வந்துவிட்டாய்" என்றார்.

நோட்டு சொன்ன சேதி

நோட்டு என்ன சொன்னது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வெயிலிலும் நின்றது, இரவிலும் நின்றது, மழையிலும் நின்றது. எனவே சூடு காரணம் இல்லை. காயிலுக்குச் செய்த செலவு வீண்.

இரண்டாவது, பட்டென்று நின்றது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் திணறித் திணறி நிற்கும். மின்சாரம் வராமல் நிற்கும் வண்டி, விளக்கை அணைத்ததுபோலப் பட்டென்று நிற்கும்.

மூன்றாவது, பெட்ரோல் முள் கீழே விழுந்தது. அந்த முள் மின்சாரத்தில் வேலை செய்கிறது. மின்சாரம் இல்லை என்றால் டாங்கி நிறைந்திருந்தாலும் முள் கீழேதான் கிடக்கும்.

நான்காவது, சிவப்பு விளக்கு எரியவில்லை. இதுதான் பெரிய துப்பு. சாவி போட்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் சுவிட்ச் வரை மின்சாரம் வந்திருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால் என்று பொருள். காயில், பாயிண்ட், கண்டென்சர் பக்கம் தேட வேண்டும். எரியாவிட்டால், சுவிட்சிலோ அதற்கு முன்போ வழி அறுந்திருக்கிறது.

ஐந்தாவது, குலுங்கும்போது நின்றது, சாவியை ஆட்டியதும் கிளம்பியது.

உஸ்தாத் முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றினார். பிறகு சாவி சுவிட்சைப் பலகையிலிருந்து எடுத்தார். பின்பக்கம் வந்து சேரும் ஒயரைக் கையில் பிடித்தார். மேலே ரப்பர் உறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திருகில் மாட்டும் முனையில், உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. இரண்டே இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன. வண்டி குலுங்கினால் அவையும் விலகும். சாவியை ஆட்டினால் மறுபடி ஒட்டும்.

ஓட்டுநர் ஒரே வளையத்தில் பத்துச் சாவிகளைக் கோத்து வைத்திருந்தார். வண்டி ஓடும்போது அந்தக் கொத்து ஆடிக்கொண்டே இருந்தது. அதன் பாரம் சுவிட்சைத் தளர்த்தியது. சுவிட்ச் ஆட ஆட ஒயரும் இற்றுப்போனது.

அரை மணி நேர வேலை. ஒயரின் முனையை வெட்டிப் புது முனை போட்டு இறுக்கினார். சாவிக்கொத்தைப் பிரித்து, வண்டிச் சாவியை மட்டும் தனியாகக் கொடுத்தார். பெட்ரோல் பம்பும் காயிலும் பிளக்கும் தீர்க்காததை ஒரு சாண் ஒயர் தீர்த்தது.

வேறு வேறு நேரம், வேறு வேறு கோளாறு

எல்லா வண்டிக்கும் இதே கோளாறு வராது. நோட்டில் வரும் பதிலைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும்.

சூடானால் நிற்கிறது, அரை மணி ஆறினால் ஓடுகிறது என்றால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்படலாம். சூட்டில் உள்ளே இழை விலகும். ஆறினால் சேரும். நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் காயிலை மாற்றி மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புதிதாக வாங்கும் முன் இப்படிச் சோதிப்பது நல்லது.

மழையிலும் பனியிலும் மட்டும் தொல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பாருங்கள். மயிரிழை போல விரிசல் இருக்கலாம். உள்ளே பென்சில் கோடு போலக் கறுப்புக் கோடு இருக்கலாம். பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியாகத் தப்பிவிடும். சாவியை எடுத்துவிட்டு, மூடியையும் தடித்த ஒயர்களையும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். விரிசல் விட்ட மூடியை மாற்றத்தான் வேண்டும்.

செல்ஃப் மோட்டார் சில நாள் நன்றாகச் சுற்றுகிறது, சில நாள் முனகுகிறது என்றால் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

எர்த் பட்டையையும் மறக்க வேண்டாம். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தை விடாது. அதனால் எஞ்சினையும் காரின் உடம்பையும் பின்னல் பட்டை ஒன்று இணைக்கும். அது துருவேறினால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கம்பி வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கம்பி சூடாகிறதா? அப்படியானால் எர்த் பட்டை கெட்டிருக்கிறது என்று ஐயப்படலாம்.

சோதனை விளக்கு

விலை உயர்ந்த கருவி வேண்டாம். 12 வோல்ட் சிறு பல்பு ஒன்று, இரண்டு ஒயர், இரண்டு கிளிப். இதுதான் சோதனை விளக்கு.

வண்டி நின்றவுடன், எதையும் ஆட்டாமல் சோதிக்க வேண்டும். ஆட்டினால் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

ஒரு கிளிப்பைப் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். மற்றொன்றைப் பேட்டரியின் ஒயர் முனையில் தொடுங்கள். விளக்கு எரிய வேண்டும். அடுத்துச் சாவியைப் போட்டு, சுவிட்சுக்கு வரும் முனையில் தொடுங்கள். பிறகு சுவிட்சை விட்டுப் போகும் முனையில். பிறகு காயிலுக்கு வரும் முனையில். எந்த இடத்தில் விளக்கு எரியவில்லையோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் கோளாறு இருக்கிறது.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஒயரின் முனையில் மட்டும் வேறு மாதிரி. அங்கே விளக்கை மாட்டி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு மினுக் மினுக் என்று கண் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகம் அழுக்காகிவிட்டது. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ உடம்பைத் தொடுகிறது, அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது.

இந்த முறை பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே. புதிய கார்களில் கணினிப் பெட்டி இருக்கிறது. அங்கே இந்த விளக்கைத் தொட்டால் பெட்டியே கெடலாம்.

கவனம்! கவனம்!

ஓடும் எஞ்சினில் வேட்டி நுனி, சேலைத் தலைப்பு, துண்டு எதுவும் விழக்கூடாது. மின்விசிறி இழுத்துவிடும்.

தடித்த ஒயர்களை எஞ்சின் ஓடும்போது தொடக்கூடாது. பல ஆயிரம் வோல்ட் உதறும்.

பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

பியூஸ் போனால் அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் தாளைச் சுற்றிப் போடுவது, தடித்த கம்பியைப் போடுவது இரண்டும் தீயை விலைக்கு வாங்குவது. பியூஸ் போவது எச்சரிக்கை. எச்சரிப்பவர் வாயை அடைத்தால் வீடு எரியும்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. ஆளைக் கொன்றுவிடும்.

ரயில் பாதையின் மேல் வண்டி நின்றால் முதலில் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். கேட் காவலர் இருந்தால் உடனே சொல்லுங்கள். வண்டி போனால் வேறு வாங்கலாம். உயிர் அப்படி இல்லை.

எழுத்து தரும் பலம்

விட்டு விட்டு வரும் கோளாறில் பணம் எப்படிப் போகிறது? ஊகத்தால் போகிறது. இதுவாக இருக்கும் என்று ஒன்றை மாற்றுவார்கள். அதுவாக இருக்கும் என்று இன்னொன்றை மாற்றுவார்கள். பொருள் விற்றவருக்கு இலாபம். வண்டிக்காரருக்கு நட்டம்.

நினைவும் ஏமாற்றும். "எப்போதும் வெயிலில்தான் நிற்கிறது" என்று அந்த ஓட்டுநர் நினைத்தார். நோட்டு அப்படி இல்லை என்றது. முதல் முறை நின்றது மனத்தில் பதிந்துவிட்டது. இரவில் நின்றது மறந்துவிட்டது. எழுதி வைத்தது மறக்காது.

கார் இல்லாதவருக்கும் இந்த வழி உதவும். வயலில் பம்ப்செட் நின்று நின்று ஓடுகிறதா? வீட்டு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? குழந்தைக்கு விட்டு விட்டு வயிற்று வலி வருகிறதா? நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அதற்கு முன் நடந்ததை எழுதுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனிடமோ மருத்துவரிடமோ படித்துக் காட்டுங்கள். அவர்களுடைய வேலை பாதி முடிந்துவிடும்.



பேசிப் பாருங்கள்

1. ஓட்டுநரின் வண்டி பெட்ரோல் இல்லாமல் நிற்கவில்லை. இது எப்படித் தெரிந்தது?

2. வண்டி நின்றபோது சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் உஸ்தாத் எங்கே தேடியிருப்பார்?

3. பியூஸுக்குப் பதில் கம்பி போட்டால் என்ன ஆகும்?

4. உங்கள் வீட்டில் விட்டு விட்டு வரும் தொல்லை எது? ஒரு வாரம் அதை நோட்டில் எழுதிப் படித்துக் காட்டுங்கள்.